எட்டாதவர்கள் சொல்லுங்கள்

எங்கள் அமெச்சூர் வானொலி கிளப்பில் பெண்கள் எந்த வயதானாலும் ‘யங் லேடி’தான். மீசை முளைக்காத ஆண்கூட ‘ஓல்ட் மேன்’. உலகம் முழுக்க வானொலிக்காரர்களின் வழக்கம் அது. என்னைப்போல் முட்டிவலியோடு தினமும் பள்ளிக்கூடத்துக்கு மேடேறும் ஒரு டீச்சரைக் காலையில் யாரோ ‘யங் லேடி’ என்று கூப்பிட்டால் உள்ளுக்குள் கொஞ்சம் குளிரத்தான் செய்யும். இல்லையென்றால் பொய் சொன்னதாகும்.

நாங்கள் குடியிருப்பது குன்னூருக்குக் கீழே ஒரு எஸ்டேட் குவார்ட்டர்ஸில். கணவர் அந்த எஸ்டேட் பாக்டரியில் டீ மேக்கர், அதாவது கொழுந்தைத் தூளாக்கும் வேலைக்குப் பொறுப்பாளர். மூன்று பக்கமும் மலை. கோழிக்கூண்டுக்குப் பின்னால் இருக்கும் பாறைமேல் ஏறி நின்றால் செல்போனில் ஒரு கோடு தெரியும். கரண்ட் போனால் அதுவும் போய்விடும். ஒரு மழைக்காலத்தில் பாதை இடிந்து, நாலைந்து நாள் வெளியுலகத் தொடர்பே இல்லாமல் கிடந்தோம். அதற்குப் பிறகுதான் சர்ச் ஹாலில் கிளப் நடத்திய வகுப்பில் சேர்ந்தேன். பரீட்சை எழுதி, வானொலியில் நாமே பேசுவதற்கான லைசென்ஸ் வாங்கினேன். ஓட்டுக்கு மேலே கம்பம் நட்டு ஆண்டெனா கட்டினேன்.

அவர் கேலி செய்யாத நாள் கிடையாது. “ஏ அம்மிணி, அந்தப் பொட்டிகிட்டச் சொல்றதுல பாதியை எங்கிட்டச் சொன்னா, நான் இன்னேரம் எங்கியோ போயிருப்பேன்” என்பார். சொல்லிக்கொண்டே பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றித் தருவார்.

எங்கள் சின்னச் சின்ன செட்டுகளின் குரல் மலையைத் தாண்டிப் போகாது. அதற்காக மேலே ஒரு முகட்டில் ரிப்பீட்டர் என்ற கருவியை வைத்திருக்கிறோம். நம் குரலை அது வாங்கி, பலப்படுத்தி, மலை முழுக்கத் திருப்பி அனுப்பும். பீரோ அளவில் ஒரு தகரக் கொட்டகை, சோலார் தகடு, பேட்டரிகள், ஒரு கம்பம். மழைக்கு முன்னால் அங்கே போய் எலிக்கூட்டைத் துப்புரவாக்குவது, கேபிள் இணைப்புகளைப் பிரித்துப் பச்சை பிடித்ததைச் சுரண்டுவது, தண்ணீர் இறங்காதபடி ரப்பர் டேப் சுற்றுவது எல்லாம் எங்கள் வேலை. இதற்கெல்லாம் பொறுப்பு, அருவங்காடு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர். அவரை நாங்கள் அருவங்காட்டார் என்போம். தலைவர், பெர்ன்ஹில்லில் வீடு கட்டிக் குடிவந்த பழைய பேங்க் அதிகாரி. காலை எட்டு மணிக்கு ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வருகை கேட்பது அவர்தான்.

அந்த வருஷம் மழைக்கு முன்பே ரிப்பீட்டரில் ஓர் இரைச்சல் புகுந்துகொண்டது. பக்கத்தில் புதிதாக முளைத்த கோபுரம் காரணமா, எங்கள் இணைப்பு ஏதாவது துருப்பிடித்துவிட்டதா என்று தேடியிருக்க வேண்டும். தேட வேண்டுமென்றால் பனியில் நாள் முழுக்க முகட்டில் நிற்க வேண்டும். யாருக்கும் அந்தப் பொறுமை இல்லை. ரிப்பீட்டரில் ஸ்கெல்ச் என்று ஒரு திருகு உண்டு. அதை இறுக்கினால் இரைச்சல் வாசலிலேயே நின்றுவிடும். பலமான குரல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும். மெலிந்த குரல் இரைச்சலோடு சேர்ந்து வெளியே நிற்கும். அருவங்காட்டார் போய் இறுக்கிவிட்டு வந்தார்.

மறுநாள் காலை தலைவர் குரல் கண்ணாடிபோல் வந்தது. “இரைச்சல் சுத்தமா நின்னு போச்சுங்க. அருவங்காட்டாருக்கு நன்றி. இப்ப யாருக்காச்சும் ரிப்பீட்டர் எட்டலைன்னா சொல்லுங்க.”

நான் உடனே பட்டனை அழுத்தி, “எனக்கு எட்டலைங்க” என்றேன்.

“யாரும் இல்லீங்களா? நல்லது. எல்லாருக்கும் எட்டுது” என்றார் தலைவர்.

எட்டாதவன் எட்டவில்லை என்று எப்படிச் சொல்வான்? படித்தவர்கள், பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கியவர்கள், இத்தனை பேரில் ஒருவருக்குக்கூட அது உறைக்கவில்லை. நான் தலையில் அடித்துக்கொண்டேன். கணவர் சோற்றுத் தட்டோடு நின்று விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அன்று மாலை பாறைமேல் ஏறி கிளப் வாட்ஸ்அப்பில் எழுதினேன். திருகை இறுக்கியதிலிருந்து என் குரல் உள்ளே போவதில்லை, கொஞ்சம் தளர்த்துங்கள் என்று. பதிலுக்குக் கட்டைவிரல்கள் வரிசையாக நின்றன. தலைவர் மட்டும் எழுதினார்: ‘மத்தவங்களுக்கெல்லாம் சரியா இருக்குங்க யங் லேடி. உங்க கேபிள்ல தண்ணி இறங்கியிருக்கும், பாருங்க.’ பார்த்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக்கூடப் போகாமல் கூரைமேல் ஏறி, எல்லா இணைப்பையும் பிரித்துப் புதிதாகப் பற்ற வைத்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அதையும் எழுதினேன். அதற்கும் கட்டைவிரல்தான்.

மழை வந்தது. பள்ளிக்கு லீவு விட்டார்கள். காலையிலேயே கரண்ட் போனது. கரண்ட் போன கையோடு செல்போனும் போனது. பாக்டரி லேண்ட்லைன் மழை என்ற பேச்சு எடுத்தாலே செத்துவிடும். மதியம் கணவர் சாப்பிட வந்தார். ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவர் கையிலிருந்த சோறு தட்டில் விழுந்தது. என்னவென்று பார்த்தேன். வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. ஏதோ கேட்டார். சத்தம் வந்தது, வார்த்தை வரவில்லை. நாற்காலியிலிருந்து சரிந்தவரைத் தாங்கித் தரையில் கிடத்தினேன்.

ரேடியோவைப் போட்டேன். தலைவரும் இன்னொரு உறுப்பினரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“இப்பதானுங்க கேக்கறதுக்கே சுகமா இருக்கு” என்றார் தலைவர். “ஊசி விழுந்தாக்கூடக் கேக்குது.”

எங்கள் ஆட்களிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. ஒருவர் பேசி முடித்ததும் அடுத்தவர் உடனே ஆரம்பிக்க மாட்டார். அவசரமென்று யாராவது நடுவில் நுழைய ஒரு மூச்சு நேரம் விடுவார். அன்றும் மரியாதையாக விட்டார்கள். ஒவ்வொரு இடைவெளியிலும் நான், “பிரேக், பிரேக், அவசரம்” என்று கத்தினேன். ஒவ்வொரு இடைவெளிக்குப் பிறகும் அவர்கள் ஆண்டெனாவின் நீளத்தைப் பற்றி நிதானமாகத் தொடர்ந்தார்கள். கத்தக் கத்த என் குரல் கம்மிப்போனது. தரையில் கிடந்த அவர் கண் கொட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் பேசுவதும் நான் கத்துவதும் அவருக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

“வேற ஸ்டேஷன் யாராச்சும் இருக்கீங்களா?” என்று தலைவர் கேட்டார். நான் பெயரைச் சொல்லி, இடத்தைச் சொல்லி, ஆம்புலன்ஸ் என்று அலறினேன். “யாரும் இல்லீங்க. செவன்ட்டி த்ரீ” என்று வானொலிக்காரர் வழக்கப்படி வாழ்த்துச் சொல்லி விடைபெற்றார்.

அந்த மனிதர்களை அந்த நிமிஷத்தில் நான் வெறுத்ததுபோல் யாரையும் வெறுத்ததில்லை.

வாசலுக்கு ஓடிக் குரல் கொடுத்தேன். தொழிலாளர் லயத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். “டீச்சரம்மா, ஐயாவ நாங்க தூக்கிக்கிறோம். நீங்க முன்னால நடங்க” என்றார் ஒரு பெரியவர். கீழ்ப்பாதையில் மண் சரிந்துவிட்டதால் மேலேதான் போக வேண்டும். நாற்காலியோடு சேர்த்துக் கட்டி, மாற்றி மாற்றித் தூக்கினார்கள். நான் கைக்குள் அடங்கும் சின்ன ரேடியோவை ரவிக்கைக்குள் நனையாமல் வைத்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு எடுத்துக் கூப்பிட்டேன். கொழுந்து நிறுக்கும் ஷெட்டைத் தாண்டியதும் முகடு நேராகத் தெரிந்தது. அங்கேதான் என் குரல் அன்று முதல்முறையாக உள்ளே போனது.

“சொல்லுங்க டீச்சர், எங்க இருக்கீங்க?” என்றார் அருவங்காட்டார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அது வருமுன் தன் ஜீப்பை எடுத்துக்கொண்டு, விழுந்த மரக்கிளைகளை ஒதுக்கி ஒதுக்கி வந்து சேர்ந்தார்.

குன்னூரில் பார்த்துவிட்டுக் கோயம்புத்தூருக்கு அனுப்பினார்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி ஒன்று இருக்கிறதாம். சீக்கிரம் வந்திருந்தால் போட்டிருக்கலாம், இப்போது நேரம் தாண்டிவிட்டது என்றார் டாக்டர். உயிருக்குப் பயமில்லை. வலது கையும் காலும் கொஞ்சம் கொஞ்சமாக வரும். பேச்சுதான் சொல்வதற்கில்லை. நாம் பேசுவதெல்லாம் அவருக்குப் புரியும், அவர் சொல்ல நினைப்பது வெளியே வராது என்றார்.

வராந்தாவில் அருவங்காட்டார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “ஏனுங்க டீச்சர், அந்த வளைவுக்கு வர்றதுக்கு முன்னாடி ஊட்ல இருந்து கூப்பிட்டுப் பாத்தீங்களா?”

பொய் சொல்லி அவரைத் தப்பவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. மனசு வரவில்லை. “கூப்பிட்டேன். ஊசி விழுந்தாக்கூடக் கேக்குதுன்னு பேசிட்டிருந்தாங்க” என்றேன்.

 மறுநாள் அவர் கொட்டுகிற மழையில் தனியாக முகட்டுக்கு ஏறி, திருகைப் பழையபடி தளர்த்திவிட்டு வந்தார். இரைச்சல் திரும்பி வந்தது. யாரும் மூச்சு விடவில்லை.

மூச்சு விடாமல் எத்தனை நாள் இருப்பார்கள்? வெயில் வந்தது. கணவரும் கோலூன்றி நடக்க ஆரம்பித்தார். கிளப் குழுவில் ஒருவர், காலையில் காது வலிக்கிறது என்று எழுதினார். அடுத்தவர், கொஞ்சம்போல இறுக்கினால் என்ன என்று கேட்டார். கட்டைவிரல்கள் மறுபடி தலைதூக்கின. சர்ச் ஹாலில் கூட்டம் வைத்தார்கள். ஆட்களோடு பழகினால் பேச்சு வரும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். உண்மையைச் சொன்னால் அதற்காக மட்டும் கூட்டிப்போகவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு பேசட்டும் என்றுதான் முன்வரிசையில் உட்காரவைத்தேன்.

பேசினார்கள். பன்னும் டீயும் வந்தன. கடைசியில் தலைவர், “பாதியளவு இறுக்கிக்கலாங்க. டீச்சருக்கு வேணும்னா உயரமா ஒரு கம்பம் நட்டுக் குடுத்தர்லாம். யாருக்காச்சும் ஆட்சேபணை இருந்தாச் சொல்லுங்க” என்றார்.

நான் எழுந்திருக்கப் போனேன். அதற்குள் கணவரின் இடது கை உயர்ந்தது.

வாய் திறந்தது. காற்றுதான் வந்தது. வீட்டில் என்றால் அவர் தொடங்கிய வார்த்தையை நானே முடித்துவிடுவேன். அன்று உதட்டைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். தலைவர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, “யாரும்…” என்று ஆரம்பித்தார்.

“இருங்க” என்றார் அருவங்காட்டார்.

ஹாலில் டீ கிளாஸை வைக்கும் சத்தம்கூட இல்லை. கணவரின் கழுத்து நரம்பு புடைத்தது. வேர்த்தது. அந்தக் கிளப் ஒருவருக்காக அவ்வளவு நேரம் காத்திருந்ததை நான் பார்த்ததில்லை.

“அவ…” என்றார். மறுபடியும், “அவ…” கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. “அவ கூப்பிட்டா.”

ஆஸ்பத்திரியில் ஒரு சொட்டு அழாதவள் அங்கே எல்லோர் முன்னாலும் உடைந்து அழுதேன். தலைவர் திருகுப் பேச்சை அப்படியே விட்டுவிட்டார், கூட்டம் முடிந்தது என்றுகூடச் சொல்லவில்லை. எழுந்து வந்து, என் கணவரின் டீ ஆறிப்போயிருந்ததைப் பார்த்து, வேறு டீ வாங்கி வரச் சொன்னார்.