நம்மாளின் கடைசிச் சண்டையும் நான் அரைகுறையாகக் கேட்ட துஆவும்

இன்று காலை நம்மாள், நான் பல வருடமாக ரசிக்கும் பாக்ஸர், கடைசித் தடவையாக ரிங்கில் ஏறினார்...

(பெயரை எழுதவில்லை. எழுதினால் கமெண்டில் இன்னொரு பாக்ஸிங் தொடங்கிவிடும். எனக்குத் தெம்பில்லை.)

கொழும்பில் மீனை இறக்கிவிட்டு, கூலர் லொறியைச் சாய்ந்தமருதில் கொண்டுவந்து நிறுத்தும்போது விடிகாலைச் சுபஹுத் தொழுகைக்குப் பாங்கு சொல்கிறார்கள்.

கண் இரண்டும் மண் விழுந்த மாதிரி எரிகிறது. படுத்தால் சண்டை போய்விடும். அமெரிக்காவில் சனி இரவு என்றால் எங்களுக்கு ஞாயிறு காலை.

தொழுதுவிட்டுக் கையேந்தினேன்.

"யா அல்லாஹ், அந்த மனிசன விழ மட்டும் விடாத."

போன இரண்டு சண்டையிலும் விழுந்துவிட்டார். மூன்றாவது தடவையும் அதைப் பார்க்க என்னால் முடியாது. போகும்போதாவது நின்றுகொண்டு போகட்டும், வேறொன்றும் வேண்டாம் என்றிருந்தது.

வீட்டுக்காரியின் தம்பி, மச்சான் றிஸ்வான், முதலே வந்து டீவிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டான். வீட்டுக்காரி பிளேன்டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, முகத்தில் அடிப்பது மார்க்கத்தில் கூடாது என்று வழக்கமான பயானையும் செய்தாள். (தம்பிக்கும் சேர்த்துத்தான்!)

முதல் இரண்டு ரவுண்டும் பழைய ஆள்தான். இடது கை போய் வந்தது. மச்சான் சோபாவில் ஏறி நின்றான்.

அதற்குப் பிறகு கால் கனத்துவிட்டது.

எதிரே நின்ற பெடியனுக்கு நம்மாளின் மகன் வயது இருக்கும். விலா, தாடை, மறுபடி விலா. ஒவ்வொரு அடிக்கும் நம்மாள் ஆடினார். கயிற்றில் சாய்ந்தார். விழவில்லை.

விழுந்தாலாவது ரெஃப்ரி எண்ணி முடிப்பார். நின்றுகொண்டே இருப்பவரை யார் காப்பாற்றுவது? ஒரு கண் மூடிப்போய், வாயில் இரத்தம் வடிய நிற்கிறார்.

உள்ளே போகாமல் கதவடியிலேயே நின்ற வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள்.

"சுபஹுல என்ன துஆ கேட்ட நீங்க?"

சொன்னேன்.

"அவ்வளவுதானா? ஹைர நாடு எண்டு கேக்கல்லியா?"

கேட்கவில்லை. நமக்கு எது நல்லதென்று நமக்குத் தெரியாது, அதனால் எதைக் கேட்டாலும் 'இதில் ஹைரை, நன்மையை, நாடு' என்று முடிப்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். லொறி டயர் வாங்கும்போதுகூடக் கேட்பேன். தூக்கக் கலக்கத்தில் இன்றைக்குப் பார்த்து மறந்துவிட்டேன்.

துஆவுக்கும் அந்த மனிதரின் காலுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் தெரியாது. ஆனால் அடுத்த ரவுண்டுக்கு அவர் எழும்பி வந்தபோது கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தேன்.

மச்சான் பக்கத்தில் இருக்கும்போதே மறுபடி கையேந்தினேன். வெல்ல வேண்டாம், நிற்கவும் வேண்டாம், இவரை உயிரோடு வீட்டுக்கு அனுப்பு என்று வாய்விட்டே கேட்டேன். இந்தத் தடவை ஹைரையும் சேர்த்தேன்.

அந்த ரவுண்டு பாதியில் அவருடைய ஆட்களே போதும் என்று துவாயை உள்ளே எறிந்தார்கள். சண்டை முடிந்தது.

மச்சானுக்கு என் மேல்தான் கோபம்.

"நீங்க நம்மாள்ட ஆளா, அந்தப் பெடியன்ட ஆளா?"

களைத்துப்போயிருந்தேன், நம்மாளைப் போலவே. (அடி வாங்காமலே!)

அப்போதுதான் அவருடைய மனைவி ரிங்குக்குள் ஏறி வந்தார். சுற்றி எல்லோரும் அழுகிறார்கள். அவர் மட்டும் சிரித்துக்கொண்டே, வீங்கிய அந்த முகத்தை இரண்டு கையாலும் பிடித்தார்.

வீட்டுக்காரி வெறும் கோப்பைகளை எடுத்துக்கொண்டே சொன்னாள்:

"இவ்வளவு வருசமும் சண்ட பிடிச்சது இந்தப் பொம்புள. இண்டைக்கித்தான் வெண்டிரிக்கா."

அல்ஹம்துலில்லாஹ் என்றேன். நம்மாள் தோற்றதற்கு நான் அப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை.