கைப்பை ஆச்சியின் பூனை

பத்து வயதில் நான் என் சித்திக்கு இங்கிலிஷ் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். எனக்கு இங்கிலிஷ் தெரியாது என்பது அந்த வேலைக்கு ஒரு தடையாகவே இருக்கவில்லை.

சித்தி அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டு, முடிவுக் கடிதத்துக்காக சுவிஸில், நொஷாட்டலில் எங்கள் வீட்டில் காத்திருந்தார். வேலைக்குப் போகவும் அனுமதி வரவில்லை. யாழ்ப்பாணத்தில் படிப்பித்தவர் என்று அம்மா சொல்லுவார்; என்ன பாடம் என்று நான் கேட்டதில்லை. அம்மா ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை முடித்து வரும்வரை நாங்கள் இருவரும் கேபிளில் ஓர் இங்கிலாந்துச் சானலின் பழைய நகைச்சுவைத் தொடர்களைப் பார்ப்போம். அவற்றில் தவறாமல் ஒரு கிழவி வருவார். தொப்பி, கோட்டு, மடியில் இறுக்கிப் பிடித்த கைப்பை. ஒரு வரி சொல்லுவார், உதட்டைச் சுழிப்பார், போய்விடுவார். கதாநாயகனுக்கே கிடைக்காத சிரிப்பு அந்த இரண்டு நிமிடத்துக்குக் கிடைக்கும். கைப்பை ஆச்சி என்று பெயர் வைத்தேன்.

அவர்கள் நாலைந்து வெவ்வேறு நடிகைகள், பக்கத்து வீட்டுக்காரியாகவும் கன்னியாஸ்திரியாகவும் ரயில் பயணியாகவும் ஆயுள் முழுக்க வந்து போயே ஒரு நாட்டின் செல்லமானவர்கள் என்பதெல்லாம் இப்போது எனக்கு அத்துப்படி. அப்போது எல்லாரும் ஒருவர்தான் என்று நினைத்தேன். அதில் அதிசயமும் படவில்லை. அம்மாவும் ஆஸ்பத்திரியில் ஓர் உடுப்பு, சனிக்கிழமை பேக்கரியில் வேறோர் உடுப்பு, ஆள் ஒன்றுதானே. என்னைக் குடைந்த கேள்வி வேறு: இந்த ஆச்சி ஏன் இப்படி வீடு வீடாகப் போகிறார்?

"என்னவாம் பிள்ளை சொல்லுறா?" என்று முதல் நாள் சித்தி கேட்டார். பள்ளிக்கூடத்தில் அந்த வருடம்தான் இங்கிலிஷ் தொடங்கி, நிறங்களும் மிருகங்களும் முடிந்திருந்தன. "தன்ர பூனையைக் காணேல்லையாம்," என்றேன். சொன்னதும் எனக்கே எல்லாம் விளங்கிவிட்டது.

ஆச்சி கன்னியாஸ்திரியாக வந்த மடத்தில் பூனை இல்லை. பல் வைத்தியரிடமும் இல்லை. ஒவ்வொரு பின்னேரமும் சித்தி தேத்தண்ணியோடு வந்து உட்கார்ந்து, இண்டைக்காவது பூனை கிடைக்குமோ என்று கேட்பார். அவரிடம் ஒரே ஒரு குறை. நான் மொழிபெயர்க்கும் முன்பே சில இடங்களில் சிரித்துவிடுவார். பொறுமையில்லாத மனுசி என்று எரிச்சல் வரும்.

கோடை விடுமுறைக்கு லண்டனிலிருந்து மாமாவின் மகன் வந்தான். பதினான்கு வயது, பிறந்ததிலிருந்து இங்கிலிஷ். பொய் பிடிபடுவதைவிட, இனிச் சித்தி என்னிடம் எதுவும் கேட்கமாட்டாரே என்பதுதான் எனக்குப் பயம். மூன்று நாள் அவனை ஏரிக்கரைக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சமாளித்தேன். நாலாம் நாள் மழை.

ஆச்சி வந்தார். நனைந்த தொப்பியோடு ஒரு பொலிஸ்காரரை மறித்து ஏதோ கேட்டார். சித்தி வழக்கம்போல என் பக்கம் திரும்பினார்.

"தன்ர பூனையைக் கண்டனீங்களோ எண்டு கேக்கிறா," என்றேன், முடிந்தவரை மெல்ல.

மச்சான் சோபாவில் உருண்டான். "பூனையோ? மாமி, இவள் உங்களைப் பேய்க்காட்டுறாள். அவ பூனையைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கேல்லை."

சித்தி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஓம் தம்பி. பூனையைத் தேடிப் போகத்தானே, கடைசி பஸ் போயிட்டுதோ எண்டு கேக்கிறா. நீர் சும்மா இரும், அவள் சொல்லட்டும்."

மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்து சித்தியையே பார்த்தான். நான் வென்றுவிட்டேன். எதைச் சொன்னாலும் நம்பிவிடுகிற சித்தியை நினைத்துக் கொஞ்சம் பாவமாகவும் இருந்தது.

இந்த வெற்றியை எத்தனையோ பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். போன மாதம் லோசானில், மெட்ரோவில், ஒரு தோழிக்குச் சொல்லிக்கொண்டு வரும்போதுதான் பாதியில் நின்றுவிட்டேன்.

ஆச்சி பஸ்ஸைத்தான் கேட்டார் என்று மச்சான் சொல்லவேயில்லை. நானும் சொல்லவில்லை.