இருபதாவது கடலை

மொண்டிசோரி முறை என்றால் பிள்ளை தன்பாட்டில் வேலை செய்யும், தகப்பன் தன்பாட்டில் சோபாவில் சாய்ந்திருக்கலாம் என்றுதான் முதலில் நம்பினேன். நான் பார்த்த காணொளிகளில் பெற்றோரின் கை மட்டுமே தெரிந்தது. மிச்ச உடம்பு எங்கேயோ படுத்திருக்கிறது என்று நானே முடிவு கட்டினேன்.

மகளுக்கு மூன்று வயது, எனக்கு நாற்பத்தெட்டு. மனைவி கொள்ளுப்பிட்டிக்கு வேலைக்குப் போய்விடுவாள். வீட்டிலிருந்து வேலை செய்பவன் என்ற பட்டத்தோடு நானும் மகளும் வெள்ளவத்தை பிளாட்டில்.

கீழே முஸ்லிம் அண்ணரின் கடையில், "கால் கிலோ கடலை, நானா" என்றேன்.

"அவிக்கவா?"

"இல்லை, படிப்பிக்க."

நானா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மகளுக்கா, ஒங்களுக்கா?"

இரண்டு கிண்ணம், ஒரு கரண்டி. ஒரு கிண்ணத்தில் இருபது கடலையை எண்ணிப் போட்டேன். ஒவ்வொன்றாக மற்றதற்கு மாற்ற வேண்டும். பேசாமல் ஒருதரம் செய்துகாட்டிவிட்டு விலகிவிட வேண்டும் என்பது விதி. விலகுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. பத்து நிமிடம் கழித்துப் போனிலிருந்து தலையை நிமிர்த்தினால் பத்தொன்பது கடலை. மேசைக்கடியில் இல்லை. பாயில் இல்லை. அவள் சட்டைப் பையில் இல்லை, என் சட்டைப் பையிலும் இல்லை.

"கடலை எங்கை, செல்லம்?"

சிரித்தாள்.

"மூக்குக்குள்ள போட்டனீங்களோ?"

"ஓம்."

"காதுக்குள்ள?"

"ஓம்."

"விழுங்கிட்டீங்களோ?"

"ஓம்."

"அப்பாவையும் விழுங்கினீங்களோ?"

கொஞ்சம் யோசித்தாள். "ஓம்."

டோர்ச் அடித்துப் பார்த்தேன். மூக்குக்குள் ஒரே இருட்டு. தும்மினால் வந்துவிடும் என்று ஒரு ஞானம் பிறந்தது. மிளகுத்தூளை விரலில் தொட்டு அவள் மூக்கடியில் பிடித்தேன். நான் ஏழுதரம் தும்மினேன். அவள் தும்மவில்லை, இருமினாள். கண் சிவந்து, மூச்சை இழுத்து இழுத்து இருமினாள். கடலை தொண்டைக்குள் இறங்கிவிட்டது என்று நினைத்தேன். தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினேன். ஒன்றும் விழவில்லை. லிஃப்டுக்குக் காத்திராமல் அவளைத் தூக்கிக்கொண்டு நாலு மாடி இறங்கினேன்.

ஓட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார். "மஹத்தயா, வருத்தம் யாருக்கு?" என்று சிங்களத்தில் கேட்டார். பிள்ளையைவிட நான்தான் மோசமாகத் தெரிந்திருப்பேன்.

ஆஸ்பத்திரியில் டொக்டரம்மா மூக்கையும் காதையும் பார்த்தார். ஒன்றுமில்லை.

"இருமல் திடீரெண்டு தொடங்கினதோ?"

"ஓம்."

"கடலையோட விளையாடினாப் பிறகோ?"

"ஓம்."

இப்போது எல்லாவற்றுக்கும் ஓம் சொல்வது நான். அப்படியென்றால் கடலை மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கலாம், மயக்கிவிட்டுக் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்றார். சம்மதப் படிவம் வந்தது. மகள் மடியில் இருந்து என் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள்.

பேனை கையில் இருந்தது. மிளகைச் சொல்லாவிட்டால், என் மிளகுக்காகப் பிள்ளையை மயக்குவார்கள். சொன்னால், மிளகுதான் காரணம் என்று வீட்டுக்கு அனுப்பிவிடக்கூடும். கடலை உண்மையாகவே உள்ளே இருந்தால்? வாழ்நாள் முழுக்க எல்லாவற்றுக்கும் ஒரு பகிடி வைத்திருந்தவன், பேனை மூடியைக் கழற்றிக் கழற்றிப் போட்டேன். ஓட்டோவிலிருந்து நான் எடுத்த போனுக்கு மனைவி வேலையிடத்திலிருந்து ஓடிவந்து பக்கத்தில் நின்றாள். இனி ஒளிக்க ஏலாது.

"டொக்டர், மிளகுத்தூளும் இருக்கு."

"என்ன மிளகுத்தூள்?"

சொன்னேன்.

"பிள்ளையின்ரை மூக்கிலையோ?" என்றாள் மனைவி. "ரசம் வைக்க வெளிக்கிட்டனீங்களோ?"

டொக்டரம்மா சிரிக்கவில்லை. "இதை முதல்லயே சொல்லியிருக்கோணும்" என்று படிவத்தைத் திரும்ப வாங்கினார். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் காற்றுப் போகிறது என்றார். எக்ஸ்ரே எடுத்தார்கள், அதிலும் ஒன்றும் தெரியவில்லை. பின்னேரம் வரை வைத்திருந்தார்கள். இருமல் நின்றது. திரும்ப இருமினாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே கொண்டுவரச் சொல்லி அனுப்பினார்கள்.

மூன்று நாள் மகளின் நெஞ்சில் காதை வைத்துத்தான் இருந்தேன். அவளுக்குக் கூச்சம். தள்ளிவிடுவாள், நான் திரும்பவும் வைப்பேன். மனைவி என்னோடு கதைக்கவில்லை.

நாலாம் நாள் மனைவி வீடு கூட்டுவதற்காகக் குளிர்சாதனப் பெட்டியை இழுத்தாள். கடலை அதற்கடியில் கிடந்தது.