ஊசியை நிறுத்திய என் மகளும் என் ஜெபமும்

என் மகள் எஸ்தருக்குப் பதினைந்து வயது. பதினொரு வயதிலேயே சர்க்கரை நோய் வந்துவிட்டது. தினமும் நான்கு முறை இன்சுலின் ஊசி. அவளே போட்டுக்கொள்வாள்.

"ஆண்டவரே, இந்த ஊசி இல்லாமல் என் பிள்ளை வாழட்டும்." மூன்று வருடமாக இதுதான் என் ஜெபமாக இருந்தது. ஞாயிறுதோறும் அவளைச் சபைக்கு முன்னால் நிறுத்தி, உங்களையும் ஜெபிக்கச் சொன்னேன். தலை குனிந்து நிற்பாள். பக்தி என்று நினைத்தேன்.

போன வருடம் ஈஸ்டர் முடிந்த வாரம். மறைமலைநகரில் வேலைக்குப் போய் இறங்கியதும் என் மனைவி மேரி போன் செய்தாள்.

"இன்னாங்க, பாப்பா வாந்தி எடுத்துகினே கீது. மூச்சு வாங்குது. சீக்கிரம் வாங்க."

செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் எஸ்தருக்கு நினைவு தப்பிவிட்டது. டாக்டர் பரிசோதித்துவிட்டு, "ரெண்டு நாளா ஊசியே போடல போலிருக்கே" என்றார்.

வராந்தாவில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஜெபிக்க வாய் வரவில்லை. மேரிதான் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆண்டவரே, எம்பொண்ணு கண்ணத் தொறந்தா போதும். ஊசியோடவே வளத்துக்கறோம்."

நானும் ஆமென் சொன்னேன்.

மறுநாள் காலை எஸ்தர் கண் விழித்தாள். ஏன் நிறுத்தினாய் என்று கேட்டேன்.

"நீ அவ்ளோ ஜெபம் பண்றப்பா. இன்னும் சொகமாவல. ஊசி போட்டுகினே கீறதால எனக்கு விசுவாசம் பத்தலன்னு நெனச்சேன்."

"ஊசியும் ஆண்டவர் குடுத்ததுதாம்மா. அப்பாவ மன்னிச்சிடு" என்று அழுதேன். அவள் என் கண்ணீரைத் துடைத்தாள்.

மூன்றாம் நாள், பக்கத்துப் படுக்கையில் ஒரு சிறுமி. அதே நோய், புதிதாக வந்தது. ஊசியைப் பார்த்ததும் அலறினாள். எஸ்தர் மெல்ல எழுந்து அவளருகே போய் உட்கார்ந்தாள். "என்னப் பாரு" என்று தன் ஊசியைப் போட்டுக் காட்டினாள். "எறும்பு கடிச்ச மாரிதான் கீது. இப்ப நீ." அந்தச் சிறுமி கையை நீட்டினாள். என் மகளின் விசுவாசம் எவ்வளவு பெரியது என்று அன்றுதான் கண்டேன்.

நோய் இன்னும் இருக்கிறது. ஆனால் வீட்டில் பயம் இல்லை. ஒவ்வொரு ஊசிக்கும் முன்னால் மூவரும் ஒரு வரி நன்றி சொல்கிறோம். போன மாதம் மாமல்லபுரத்தில் நடந்த வாலிபர் முகாமுக்குத் தனியாகவே போய் வந்தாள். கடலில் ஆடிக் கறுத்துப்போய், சிரித்துக்கொண்டே பஸ்ஸிலிருந்து இறங்கினாள்.

நோயுள்ள பிள்ளைகளைப் பெற்றவர்களே, ஆண்டவரை முழுசாக நம்புங்கள். மருந்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். இன்றைக்கே உங்கள் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, அது மனசில் என்ன சுமக்கிறது என்று கேளுங்கள். கேட்க எனக்கு ஆண்டவர் இன்னொரு காலையைக் கொடுத்தார். அவருக்கே ஸ்தோத்திரம்.