பின்னுக்கு எடுக்கக்கூடாத கார்

கிரவல் கல் போட்ட ஒழுங்கையில், வந்த வழியைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்தச் சிவப்புக் கார் இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது. முன்பக்கம் கட்டியிருந்த மல்லிகைச் சரம் முழுக்கச் சேறு. உள்ளே, தலைப்பாகை கூரையில் முட்ட, மாப்பிள்ளைக் கோலத்தில் நான். பின் இருக்கையில் முழங்காலை மடக்கிக்கொண்டு பெரியம்மா. ஸ்ரேரிங்கைப் பிடித்தபடி அத்தான். எந்த விசயத்துக்கும் ஒரு கதை வைத்திருக்கிற மனிதர் அப்போது கண்ணாடியில் வழிந்த மழையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தான் என் அக்காவின் கணவர், முள்ளியவளையில் வயல் செய்பவர். டிராக்டர் ஓடிப் பழகிய கைக்கு ஸ்போர்ட்ஸ் கார் ஆசை வந்துவிட்டது. பின் சில்லுகளால் ஓடுகிற, இரண்டு கதவுப் பழைய கார் ஒன்றை வாங்கினார். அதோடு விட்டாரா? லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்சியல் வாங்கிப் பூட்டியே தீருவேன் என்று நின்றார். நான் வவுனியாவில் வாகன உதிரிப்பாகக் கடையில் வேலை செய்தேன். எனக்கு அது வீண் ஆசையாகப் பட்டது. எஞ்சின் பலத்தை இரண்டு பின் சில்லுக்கும் பிரித்துக் கொடுக்கிற பெட்டிதான் டிஃபரன்சியல். சாதாரண டிஃபரன்சியலில் ஒரு சில்லு வழுக்கினால் அது மட்டும் வெறுமனே சுற்றும், மற்றது சும்மா நிற்கும். லிமிடெட் ஸ்லிப் இருந்தால் எஞ்சின் பலத்தில் ஒரு பங்கு பிடிமானம் உள்ள சில்லுக்கும் போகும். வளைவுகளில் விரட்டி ஓடுகிறவனுக்கு நல்ல சாமான்தான். மாடு குறுக்கே படுத்திருக்கிற எங்கள் ரோட்டில் யாரை விரட்டுவது?

“டிராக்டரிலை லொக் பெடல் இல்லாமல் வயலுக்கை இறங்குவியே மச்சான்?” என்பார் அத்தான். சேற்றில் இரண்டு பின் சில்லையும் ஒன்றாகச் சுற்ற வைக்கிற பெடல் அது.

“ஏன், இந்தக் காராலை உழப்போறியளோ?” என்பேன் நான்.

சோறு ஆறும்வரை இந்தச் சண்டை நடக்கும். கடைசியில் என் கலியாணத்துக்கு முதல் அதைப் பூட்டியே விட்டார். மாப்பிள்ளைக் காரும் அதுதான் என்றார்.

பெரியம்மா என் அம்மாவின் அக்கா, என்னை வளர்த்தவர். பெரியப்பா கடைசி யுத்தத்தில் காணாமல் போனவர். இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாததால் பெரியம்மா பொட்டை அழிக்கவில்லை. அப்படிப்பட்டவர் மாப்பிள்ளைக் காரில் ஏறலாமா என்று சொந்தத்துக்குள் சிலர் முணுமுணுத்தார்கள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. “அவா ஏறாத காரிலை நானும் ஏறன்” என்று சொல்லிவிட்டேன். ஏறியவர் ஒன்றே ஒன்று கேட்டார்: கோயில் வாசல்வரை காரைப் பின்னுக்கு எடுக்கக்கூடாது. மாப்பிள்ளையும் இடையில் இறங்கக்கூடாது. தன்னுடைய கலியாணத்தன்று முகம் துடைக்கிற கைலேஞ்சியை மறந்துவிட்டு, புறப்பட்ட காரைப் பின்னுக்கு எடுக்கச் சொன்னவராம். பெரியப்பா திரும்பி வராததற்கு அதுதான் காரணம் என்று இத்தனை வருசமும் மனதில் வைத்துப் புழுங்கியவர். இதை அறியாதவர் எங்கள் வீட்டில் இல்லை. அத்தானும் தலையாட்டினார்.

தண்ணீரூற்று என்ற ஊரில் எங்கள் வீட்டிலிருந்து முள்ளியவளைக் கோயில் கிட்டத்தான். அன்றைக்குப் பார்த்து மழை. பெரிய ரோட்டில் வெள்ளம் நின்றதால் கிரவல் ஒழுங்கைக்குள் விட்டோம். பாதி வழியில் இடப்பக்கப் பின் சில்லு சேற்றுக்குள் போய்விட்டது. அத்தான் என்னைப் பார்த்துச் சிரித்தார். “இப்ப பாரன் மச்சான்” என்றபடி, உழவு வயலில் டிராக்டரை மிதிக்கிற மாதிரி அக்சிலேற்றரை அடிமட்டம் மிதித்தார். சும்மா சொல்லக்கூடாது, கார் சேற்றை விட்டுப் பாய்ந்து வந்தது. ஆனால் ஈரக் கிரவலில் ஏறியதும் இரண்டு பின் சில்லுகளும் ஒன்றாக வழுக்கின. வால் சுழன்றது. நின்றபோது கார் எங்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றது.

இப்போதும் யாராவது லிமிடெட் ஸ்லிப் பூட்டலாமா என்று என்னிடம் கேட்டால், பூட்டுங்கள், ஆனால் மிதிக்கிற காலுக்கும் புத்தி பூட்டுங்கள் என்றுதான் சொல்வேன். நிதானமாக மிதித்திருந்தால் அது எங்களை அழகாகக் கரையேற்றியிருக்கும். அது டிராக்டரின் லொக் பெடல் இல்லை, கார் டிராக்டரும் இல்லை. அன்றாட ஓட்டத்துக்கு அது இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன.

அன்றைக்கு அந்த ஞாயமெல்லாம் யாருக்கு வேண்டும்? முன்னுக்கு எடுத்தால் வீட்டுக்குத்தான் போகலாம். கோயிலுக்குப் போவதென்றால், அந்த ஒடுக்கமான ஒழுங்கையில் பின்னுக்கு எடுத்துத்தான் திருப்ப வேண்டும். கோயிலிலிருந்து அக்கா போன் எடுத்தா. முகூர்த்தம் முடியப்போகுது, ஐயர் கத்துறார் என்றா. அத்தான் கியரில் கையை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார். எனக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது.

பெரியம்மா திரும்பி, பின் கண்ணாடியால் கோயில் பக்கத்தைப் பார்த்தார். பிறகு முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“அந்த மனுசனை ஆமிக்காரர்தான் பஸ்ஸிலை ஏத்திக்கொண்டு போனவங்கள். நான் கண்ணாலை பாத்துக்கொண்டு நிண்டனான்” என்றார். “கலியாணக் கார் என்ன செய்தது? பின்னுக்கு எடுங்கோ மருமோன்.”