தேவிகுளத்தில் நாங்கள் சரிசெய்த ஜீப்

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கொழிஞ்சாம்பாறை பஸ் நிறுத்தத்தில் என் காரில் ஏறும்போதே தண்டபாணி கேட்ட முதல் கேள்வி, "ஏனுங்க, டூல் பாக்ஸ் எடுத்துட்டீங்களா?" என்பதுதான். ஸ்வெட்டர், தண்ணீர், தின்ன ஏதாவது என்று மனிதர் எதையும் விசாரிக்கவில்லை. எடுத்திருந்தேன். எடுக்காமல் போயிருக்கலாமே என்று இன்றும் மனசு அடித்துக்கொள்கிறது. இந்தப் பயணத்தில் சந்தனக் காடு உண்டு, மேகம் உண்டு, கொண்டை ஊசி வளைவும் வேண்டிய மட்டும் உண்டு. ஆனால் நான் எழுத உட்கார்ந்தது, நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு நல்ல மனிதனுக்குச் செய்த உபகாரத்தைப் பற்றி. அப்படியோர் உபகாரத்தை எதிரிக்குக்கூடச் செய்யக் கூடாது.

தண்டபாணிக்குத் தென்னந்தோப்பு. எதையாவது கழற்றிப் பார்க்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. பின் சீட்டில் இருந்த கணேசன் கல்பாத்திக்காரர், வங்கி அதிகாரி; கையில் அழுக்குப் படாமல் பக்கத்தில் நின்று யோசனை சொல்வதில் சூரர். நான் எலப்புள்ளியில் ஒரு தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறவன். எங்களைச் சேர்த்து வைத்தது 'மிச்ச போல்ட்' என்கிற வாட்ஸ்அப் குழு. வண்டியைப் பிரித்து மாட்டினால் கடைசியில் ஒரு போல்ட் மிச்சமாகி நம்மைப் பார்த்துச் சிரிக்குமே, அந்தப் பெயர். குழுவுக்கு ஒரே சட்டம்தான்: காலை வணக்கம் கூடாது, ஆள் முகம் தெரிகிற படம் கூடாது. எஞ்சின், கரி, கிரீஸ் இவை மட்டும்.

அந்தக் குழுவின் நான்காவது ஆளைப் பார்க்கத்தான் போய்க்கொண்டிருந்தோம். தேவிகுளம் செல்வம். தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையில் வேலை, வீட்டில் ஒரு பழைய டீசல் ஜீப். நாங்கள் அனுப்பும் சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவான். கிண்டலிலும் அவனை மிஞ்ச ஆள் இல்லை. மூன்று வருஷப் பழக்கம், நேரில் பார்த்ததில்லை. அவன் மனைவி பிரசவத்துக்குப் போடிநாயக்கனூரில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். பெண் குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை இருவரையும் வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். மாமனார் டாக்சி வைத்துக்கொள்ளலாம் என்றாராம். இவன் கேட்கவில்லை. "எம் மகள நாந்தாண்ணே ஓட்டிக் கூட்டியாரணும்" என்று குழுவில் குரல் அனுப்பியிருந்தான். அதற்காக மாதக்கணக்கில் பட்டை ஸ்பிரிங்கை எப்படி மெதுவாக்குவது, பின்கதவுச் சத்தத்தை எப்படி நிறுத்துவது என்று எங்களைக் குடைந்துகொண்டே இருந்தான். 'முட்டை ஏற்றப் போகிறாயா' என்று கேலி செய்தோம். கடைசியில் அவனே கூப்பிட்டான்: சனிக்கிழமை வந்து தங்குங்கள், மறுநாள் நான் முன்னால் ஜீப்பில், நீங்கள் பின்னால் காரில், சேர்ந்தே போடிக்குப் போய் வரலாம்.

பொள்ளாச்சி வரை இருபத்தைந்து கிலோமீட்டர், அங்கிருந்து உடுமலை முப்பது. எட்டு மணிக்கு உடுமலையில் டீ, பதினைந்து ரூபாய். டீ வருவதற்குள் தண்டபாணி என் பானட்டைத் தூக்கிவிட்டார். பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் ஒரு 'கட கட' இருக்கும், வருஷக்கணக்காக இருப்பதுதான்.

"எஞ்சின் மவுண்ட்டுங்க. கண்ணை மூடிட்டுச் சொல்லுவேன்" என்றார் தண்டபாணி.

"நீர் கண்ணை மூடிண்டு சொல்றதுனாலதான் போன தடவை என் வண்டிக்கு நல்ல மவுண்ட்டை மாத்தினேன்" என்றார் கணேசன். "இது ஸ்டியரிங் பக்கம். கேட்டேளா, காது நன்னா இருக்கறவாளுக்குப் புரியும்."

"காது நல்லா இருக்கறவரு கொஞ்சம் குனிஞ்சு கையையும் வெச்சுப் பாக்கறதுதானுங்க."

தண்டபாணி எதையோ இறுக்கினார். கையில் ஒரு நட்டு மிச்சமிருந்தது. எந்த இடத்துது என்று அவருக்கும் தெரியவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அமராவதி தாண்டி முதல் பள்ளத்தில் 'கட கட' முன்னைவிடக் கணீரென்று கேட்டது. சின்னாறு சோதனைச் சாவடி வரை சிரித்துக்கொண்டே போனோம்.

மறையூரில் சந்தன மரங்களுக்குப் போட்ட கம்பி வேலி ரோட்டோடு கூடவே வந்தது. வெல்லம் காய்ச்சுகிற வாசனை காருக்குள் நுழைந்தது. அதற்கு மேலே தேயிலை, குளிர், வண்டி நெரிசல். மூணாறைக் கடக்கவே முக்கால் மணி நேரம். செல்வம் போனில் சொன்னான்: "அண்ணே, ஜீப் சீட்டுக்கு ஸ்பாஞ்ச் வாங்க மூணாறு வந்துருக்கேன். கடைக்காரர் வெட்டித் தர நேரமாகுது. நீங்க நேரா வீட்டுக்குப் போயிருங்க, பக்கத்து வீட்ல டீ போடச் சொல்லிருக்கேன். கை ஊறுச்சுன்னா பின்கதவு சத்தத்த மட்டும் பாருங்க."

மட்டும் என்றுதான் சொன்னான். போன் ஸ்பீக்கரில் இருந்தது, மூன்று பேரும் கேட்டோம்.

மதியம் ஒன்றரைக்குத் தேவிகுளம் தாண்டி எஸ்டேட் லைன் வீடுகளுக்கு இறங்கினோம். வரிசை வீடுகள், தகரக் கூரை, வாசலுக்கு வாசல் ரோஜாத் தொட்டி. கடைசி வீட்டுக்கு முன்னால் பச்சை ஜீப், அன்றைக்குத்தான் கழுவித் துடைத்தது. பின்கதவில் பழைய டியூப் ரப்பரை வெட்டி வைத்து அரை மணியில் சத்தத்தை நிறுத்தினோம். அத்தோடு கையைக் கழுவியிருந்தால் இந்தக் கட்டுரை வெறும் மறையூர் வெல்லத்தோடு முடிந்திருக்கும்.

தண்டபாணி டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். "இதென்னங்க கொக்கி?"

கியர் கம்பியை ஒட்டி ஒரு முழ நீளத்துக்கு வளைத்த இரும்புப் பட்டை. பட்டையையும் கம்பியையும் ஒரே பிடியாகச் சேர்த்து அமுக்கினால், அடியில் ஒரு தடித்த கேபிள் இழுத்துக் கிளட்ச் அமுங்குகிறது. வெல்டிங் கரடுமுரடு, மேலே சைக்கிள் டியூப் சுற்றியிருந்தது. கிளட்சைக் காலால் மிதித்துப் பார்த்தார். கல் மாதிரி கனம்.

"கிளட்ச் கனமா இருக்குன்னு போன வருஷம் குரூப்ல புலம்பினானோல்லியோ" என்றார் கணேசன். "அதைச் சரிபண்ணாம, கையால இழுக்கறதுக்கு ஒரு குறுக்கு வழி பண்ணி வெச்சிருக்கான் பாரும். நம்மளை இத்தனை கேலி பண்றவன், அவன் வண்டில இப்படி ஒரு ஒட்டு வேலை!"

எங்களுக்கு ஒரே குஷி. மூன்று வருஷமாக எங்கள் வேலையைக் கிழித்துத் தொங்கவிட்டவன் அகப்பட்டுக்கொண்டான். கிளட்சின் இணைப்புகளைக் கழற்றித் துரு சுரண்டிக் கிரீஸ் போட்டோம். பெடல் பூவாக இறங்கியது. இனி அந்தப் பட்டை எதற்கு? ஆனால் அதன் போல்ட் இறுகிப்போயிருந்தது, அசையவில்லை. ரம்பத்தை எடுத்துக் குறுக்கே அறுத்தேன். ஆம், அறுத்தது நான். கேபிளைக் கட்டிங் பிளேயரால் துண்டித்தவர் தண்டபாணி.

டீ கொண்டுவந்த பக்கத்து வீட்டு மாரியம்மா டம்ளரை நீட்டாமல் நின்றாள். "என்ன இப்படிப் பிரிச்சுப் போட்டுருக்கீக? அத அண்ணன் யாரையும் தொடவே விட மாட்டாகளே."

"நாங்க உங்க அண்ணனுக்கு இன்னிக்கு வெக்கற விருந்துங்க இது" என்றார் தண்டபாணி. அவள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள். ஊருக்கே தெரிந்தது எங்களுக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்திருக்கிறாள்.

மூன்றரைக்கு ஆட்டோ வந்து நின்றது. செல்வம் இறங்குவதற்கு முன்பே தண்டபாணி ஆரம்பித்துவிட்டார்: "ஏறி அந்தக் கிளட்சை ஒரு மிதி மிதிச்சுப் பாருங்க தம்பி, வெண்ணெயாட்ட இருக்குது."

ஆட்டோவிலிருந்து முதலில் ஒரு ஊன்றுகோல் வெளியே வந்தது. பிறகு சூம்பிய இடது கால். பிறகு சிரித்த முகத்தோடு, சுருட்டிய ஸ்பாஞ்சைக் கக்கத்தில் இடுக்கியபடி செல்வம்.

"வாங்கண்ணே, வாங்க. ரொம்ப நேரம் காக்க வச்சுட்டேனா?" என்றான். அப்புறம் ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தான். "பட்டை எங்கண்ணே?"

தரையில் இரண்டு துண்டாகக் கிடந்தது. எடுத்துக் கொடுக்கக் கை வரவில்லை எனக்கு. அவனே குனிந்து எடுத்து, இரண்டு துண்டையும் முனையோடு முனை சேர்த்துப் பார்த்தான். கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். "போல்ட் வரலையாக்கும். அது துருப்பிடிச்சது, தெரியும்" என்றான்.

கணேசன் போய்ப் படியில் உட்கார்ந்துவிட்டார். கிளட்ச் கனம் என்று இவன் எழுதியபோது, 'காலுக்குத் தெம்பில்லையா?' என்று பதில் போட்டவர் அவர்தான். அதற்கு செல்வம், 'அதேதாண்ணே' என்று ஒரு சிரிப்புப் பொம்மையோடு எழுதியிருந்தான். அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தோம்.

விட்டேனா பார் என்று மறுபடி இறங்கினோம். மூணாறுக்கு ஓடி வேறு கேபிள் வாங்கி, பட்டையை வெல்டிங் வைத்துக் கொண்டுவந்து, இருட்டுகிற நேரத்தில் மாட்டி முடித்தோம். கணேசனும் அன்றுதான் முதல்முறையாகக் கையில் கிரீஸ் பட வேலை செய்தார். செல்வம் ஏறி ஸ்டார்ட் செய்தான். முதல் கியர் போட்டுப் பட்டையை விட்டதும் ஜீப் தூக்கிப் போட்டு முன்னால் குதித்தது. இன்னொரு தடவை பார்த்தான். மேட்டில் பாதிப் பிடியிலேயே கிளட்ச் நழுவி வண்டி பின்னால் உருண்டது. எஞ்சினை அணைத்துவிட்டுச் சாவியை எடுத்தான்.

"கைக்கு அமையுறதுக்கு நாலு மாசம் ஆச்சுண்ணே. தட்டித் தட்டித்தான் வளைச்சேன்." கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தான். "பிள்ளைய ஏத்துறதுக்கு இது பத்தாது. நாள் குறிச்சுட்டாக, மாத்த மாட்டாக. காலைல உங்க கார்ல போயிருவமா?"

எங்களிடமே கேட்டான். அதுவும் தயங்கித் தயங்கி, ஏதோ எங்களுக்குச் சிரமம் கொடுப்பவனைப் போல.

ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். தண்டபாணியும் கணேசனும் வரவில்லை. காரில் இடம் வேண்டும் என்றார்கள், மாமனார் முகத்தில் விழிக்கப் பயம் என்பது எனக்குத் தெரியும். தேவிகுளத்திலிருந்து போடி ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர். கேப் ரோட்டில் மேகம் விலகி, கீழே பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிந்தது. பார்க்கிறவர்கள் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு எதுவும் மனதில் நிற்கவில்லை. பூப்பாறை, போடிமெட்டு, அப்புறம் கொண்டை ஊசி வளைவுகள். கீழே இறங்க இறங்க வெயில் உறைத்தது.

மாமனார் வாசலிலேயே நின்றிருந்தார். "ஜீப்பு என்னாச்சு மாப்ள?"

"அதுக்கென்ன மாமா, நல்லாத்தான் இருக்கு. இவுக கார்ல குலுக்கல் இருக்காதுன்னு நாந்தான் கேட்டு வாங்குனேன்."

"நாங்க அப்பவே சொன்னம்ல, டாக்சி வச்சுக்கிருவோம்னு."

செல்வம் தலையை ஆட்டிக்கொண்டான். நடந்ததை நானே சொல்லிவிட வாயெடுத்தேன். வேண்டாம் என்பது போல அவன் என்னைப் பார்த்தான். அவன் மனைவி குழந்தையோடு வெளியே வந்து, தெருவின் இரண்டு பக்கமும் ஜீப்பைத் தேடினாள். "சீட்டுக்கு ஸ்பாஞ்சு வாங்குறேன்னீங்க?"

"வாங்கிட்டேன். வீட்ல இருக்கு" என்றான்.

மேலே ஏறும்போது அவளும் குழந்தையும் பின் சீட்டில். செல்வம் என் பக்கத்தில், இடது கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்தபடி இருந்தான். இரண்டாவது வளைவில்தான் கவனித்தேன். நான் கிளட்சை மிதித்துக் கியரை இறக்கியபோது அவன் இடது கை விரல்கள் மூடின. கிளட்சை விட்டபோது மெதுவாகத் திறந்தன. அடுத்த வளைவிலும் அப்படித்தான். போடிமெட்டு வரை ஒரு வளைவு விடாமல் அந்தக் கை மூடித் திறந்தது. அவனுக்கே தெரிந்து செய்தானா, தெரியாமல் செய்தானா என்று எனக்குத் தெரியாது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஓட்டுகிறவன் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். என் இடது காலை அவனுக்குத் தெரியாமல் எங்கேயாவது மறைக்க முடியுமானால் மறைத்திருப்பேன்.

வீட்டு வாசலில் மாரியம்மா ஆரத்தி எடுத்தாள். பச்சை ஜீப்பின் பக்கத்தில் என் காரை நிறுத்தினேன். செல்வம் ஊன்றி இறங்கி, என் தோளில் கை வைத்தான். "நல்லா ஓட்டுனீகண்ணே. பிள்ள முழிக்கவே இல்ல."

மதியமே கிளம்பிவிட்டோம். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லி அவன் மன்றாடினான். சின்னாறு இறக்கத்தில் என் காரின் 'கட கட' விடாமல் கேட்டுக்கொண்டே வந்தது. மவுண்ட் என்றோ ஸ்டியரிங் என்றோ யாரும் வாய் திறக்கவில்லை. உடுமலையில் அதே டீக்கடையில் நிறுத்தினேன். தண்டபாணி பானட் பக்கமே போகவில்லை. பையிலிருந்த அந்த மிச்ச நட்டை எடுத்து மேசைமேல் வைத்தார், பிறகு மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்துக் குழுவில் செல்வம் ஒரு வீடியோ போட்டான். புதிய பட்டை, நல்ல கேபிள். சட்டத்தை மீறி முகம் தெரிகிற படம்: ஸ்பாஞ்ச் தைத்த சீட்டில் அவன் மனைவி, மடியில் குழந்தை, ஜீப் தேயிலைக்கு நடுவே குலுங்காமல் போகிறது. 'பின்கதவு சத்தம் சுத்தமா இல்லண்ணே, தேங்க்ஸ்' என்று கீழே எழுதியிருந்தான். கணேசனும் தண்டபாணியும் கும்பிடு போட்டார்கள். நான் அந்த வீடியோவைப் பலமுறை பார்த்தேன், பதில் மட்டும் எழுத வரவில்லை. அந்தக் குழந்தை முதன்முதலாகத் தன் வீட்டுக்கு வந்தது என் காரில். அதை இனி எந்த ஸ்பேனர் கொண்டும் கழற்றித் திருப்பி மாட்ட முடியாது.