தாலியில் ஏறிய பாதரசம்

எவர்சில்வர் டம்ளருக்குள் ஏதாவது உருண்டு 'டிங்' என்றால் போதும், நான் வடக்கே மராத்தி ஊரான கோர்படியில், அக்கா வீட்டில், மூன்று வருஷத்துக்கு முந்தைய ஒரு சனிக்கிழமையில் போய் விழுந்துவிடுகிறேன்.

அந்த 'டிங்' அத்தானின் ரசமணி. பாதரசத்தைக் கெட்டியாகக் கட்டி உருட்டியது, நாவற்பழ அளவு, நிலவைக் கிள்ளி வைத்ததுபோல் ஒரு மினுமினுப்பு. ராத்திரி பாலில் ஊறும். காலையில் அத்தான் பாலைக் குடித்துவிட்டு மணியைக் கறுப்புக் கயிற்றோடு இடுப்பில் கட்டிக்கொள்வார். ராணுவப் பட்டறையில் ரிட்டயரான பிறகு மூட்டுவலிக்கென்று ஆரம்பித்தது, ஆயுளுக்கே என்றாகிவிட்டது. ஆனால் சில மாதமாக அவர் கையில் காபி டம்ளர் ஆடியது. அக்கா போனில் அழுதாள். "நீ படிச்சவன்லா, வந்து சொல்லுலே. நான் சொன்னா அவருக்குக் காதுலயே ஏறல."

படித்தேன். இரண்டு வாரம் பாதரசத்திலேயே நீந்திவிட்டு, தலை கிறுகிறுக்கப் போய் உட்கார்ந்தேன்.

"அத்தான், ஐரோப்பாவுல அந்தக் காலத்துல மேகநோய்க்கு, அதான் பால்வினை நோய்க்கு, உடம்பு பூரா பாதரசத்தத் தேச்சுச் சூட்டுல உக்கார வச்சிருக்கான். எச்சி படிபடியா ஊத்தும். நோய் வெளிய போகுதுன்னு டாக்டருக்கு ஒரே சந்தோஷம். போனது பல்லு!"

அத்தான் தொடையைத் தட்டிச் சிரித்தார். "அவனுக்குக் கட்டத் தெரியல மாப்ளே. இது சித்தர் முறையில கட்டுனது."

"குடல் அடைச்சுக்கிட்டா பாதரசத்த அப்படியே முழுங்கச் சொல்லியிருக்கான். கனத்துல அடைப்பத் தள்ளிட்டுப் போகுமாம்."

"போச்சா?"

"ஒண்ணு ரெண்டு பேருக்குப் போயிருக்கலாம்."

"பாத்தியா!"

இரண்டு வாரப் படிப்பும் ஒரே வார்த்தையில் கவிழ்ந்தது. நானும் வெட்கமில்லாமல் சேர்ந்து சிரித்தேன்.

அப்போதுதான் அக்கா, "இந்தாங்க உங்க மணி" என்று கழுத்துச் சங்கிலியை வெளியே இழுத்தாள். அன்று காலை அவருக்கு ஈ.சி.ஜி. இடுப்பில் இருந்ததைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். மணியைக் கீழே வைத்தால் சக்தி போய்விடும் என்பது அத்தானின் சட்டம். அதனால் அக்கா அதைத் தன் தாலியோடு சேர்த்து முடிந்துகொண்டிருந்தாள்.

மணி வந்தது. கூடவே தாலியும் வந்தது, பாதி வெள்ளையாக. தங்கத்தின் மேல் யாரோ சாம்பல் நிற மூச்சு விட்டதுபோல. பாதரசம் பட்டால் தங்கம் அதை உறிஞ்சிக்கொள்ளும்.

"என்னட்டி இது?" அத்தானின் குரல் இறங்கிவிட்டது. மறு நொடியே அவருக்குள் இருந்த பட்டறை மனிதர் எழுந்துவிட்டார். "ஒண்ணுமில்ல, கேஸ்ல காட்டினா போயிரும்." தாலியைக் கழற்ற வைத்து, இடுக்கியில் பிடித்து, அடுப்பையும் பற்றவைத்துவிட்டார்.

"அணைங்க அத்தான்! ஆவியா மூக்குல ஏறும். சிலைக்குப் பாதரசத்துல பொன் பூசுனவங்க இப்படிச் சுட்டுச் சுட்டுத்தான் கை நடுங்கிப் போனாங்க!"

அவர் தன் கையைப் பார்த்தார். இடுக்கி அடுப்பு விளிம்பில் கடகடவென்று தட்டிக்கொண்டிருந்தது. நிறுத்தப் பார்த்தார், நிற்கவில்லை.

அக்கா கத்தவில்லை. "அரை நாள்ல எந் தாலிக்குள்ள போனது, இத்தன வருஷத்துல உங்க உடம்புக்குள்ள போயிருக்காதா?"

அத்தான் அடுப்பை அணைத்தார். ஜன்னல்களைத் திறந்தார். காலி ஊறுகாய் பாட்டிலைத் தேடி எடுத்து மணியை உள்ளே போட்டு, மூடியை இறுக்கித் திருகினார். "திங்கக்கெழம ரத்தம் கொடுத்துப் பாத்துருவோம்" என்றார். நாங்கள் கேட்கவே இல்லை.

"தாலிய மராத்திக்காரத் தட்டார்ட்ட கொண்டு போவீங்களே, என்னன்னு சொல்லுவீங்க?" என்றேன்.

"மேரி தவாயி இஸ்னே கா லீ" என்றார் அத்தான் இந்தியில்.

என் மருந்தை இது தின்றுவிட்டது! அக்காவுக்குத்தான் முதலில் சிரிப்பு வெடித்தது, பிறகு எனக்கு, பிறகு அவருக்கு. மூவரும் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, கால் தரையில் நிற்காமல்.

சாயங்காலம் ஆட்டோ வந்தது. இருவரும் கேட்டு வரை வந்தார்கள்.

"மாப்ளே, நாளையிலருந்து வெறும் பாலுதான். சீனி மட்டும் ரெண்டு ஸ்பூன்."

"ஒரு ஸ்பூன்" என்றாள் அக்கா.